லயத்து வாசலில் நீட்டிய டின்

அக்கா,

காலையில் உங்கள் மருமகள் வந்திருந்தாள். நேற்றுத்தான் உங்களுக்குக் காரியம் முடிந்தது. அதனால் தயங்காமல் உள்ளே வந்து, பிஸ்கட் டின்னை என் அடுப்படி மேசைமேல் வைத்தாள். மூடியைத் திறந்ததும் பண்டான் இலை வாசனை. அரிசியில் பூச்சி விழாமல் இருக்க நான் மிளகாய் வற்றல் போடுவேன். நீங்கள் பண்டான் இலையை முடிந்து போடுவீர்கள். "அரிசிக்கு எதுக்கு மிளகாய்? சம்பாலா அரைக்கப் போறே?" என்று கேட்பீர்கள். அந்தக் குரலே டின்னுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இலைக்குக் கீழே இருக்கிறது மாக் போட்டது. மேலே இருக்கிறது நான் போட்டது" என்று மலாயில் சொன்னாள். உங்களை அவள் மாக், அம்மா என்றுதான் கூப்பிடுவாள். "ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் டின்னை நிறுத்திவிடாதே என்றார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி போட்டேன். மாக் போன பிறகும் போட்டேன்."

இலைக்கு அடியில் கைக்குட்டையில் கட்டிய சின்ன முடிச்சு ஒன்று தெரிந்தது. அவிழ்க்காமலே எனக்கு விளங்கிவிட்டது, பசை போல் ஒட்டுகிற பூலுட் அரிசி. சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் நாளைய நினைப்பு வந்துவிட்டது. நாளைக் காலை நான் தோட்டத்துக்குப் போக வேண்டும் அக்கா. நீங்கள் இல்லாமல்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோதும் நான் எழுதி நீங்கள் வாசித்ததில்லை. அதனால் இப்போது எழுதுவதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதுகிறேன். நானும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் இல்லை. தேவாரப் புத்தகத்தையும், சாமான் கட்டி வந்த பத்திரிகைத் தாளையும் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டியவள். தப்பு இருந்தால் சாமி பொறுக்கட்டும். நீங்கள் எப்படியும் பொறுப்பீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறதா? இந்த நாட்டுக்கும் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். காஜா பேராங்குக்கு நான் குடி வந்து அதிக நாள் ஆகவில்லை. கோயிலில் உங்களைப் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. கெபாயாச் சட்டை போட்டு, சாரோங் கட்டி, கொண்டையில் ஊசி குத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பீர்கள். சாமியைத் தமிழ்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, வேண்டுதலை மட்டும் மலாயில் வைப்பீர்கள். கம்போங் செட்டி ஆட்கள் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற தமிழ் வம்சம், அப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சாமி இரண்டு பாஷையிலும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அன்று பூசை முடிந்ததும் ஒரு மனிதர் எழுந்து நின்றார். சட்டைக் காலர் நைந்திருந்தது. புக்கிட் ரம்பாயைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரே அறை, ஒரே வாத்தியார். பேசப் பழகாதவர் போல, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"விடியறதுக்கு முன்னாடி தாய் தகப்பன் பெரட்டுல பேர் குடுத்துட்டுப் பால் வெட்டப் போயிடுறாங்க. பிள்ளைங்க வெறும் வயித்தோட வருதுங்க. பாதி பிள்ளைங்க மேசையிலேயே தூங்கிடுது. பாதி வர்றதே இல்ல, மரத்துல காஞ்சு கெடக்குற ஒட்டுப்பால் பொறுக்கப் போயிடுது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போறார். இப்படியே இருந்தா பள்ளிக்கூடத்தை மூடிடுவாங்க. அடுத்த பள்ளிக்கூடம் ஆத்துக்கு அந்தப் பக்கம். பையன்களையாச்சும் அனுப்புவாங்க. பொட்டப் பிள்ளைங்கள யாரு அனுப்புவா?"

நீங்கள் என் முழங்கையை இடித்தீர்கள். முதன்முதலாக என்னிடம் பேசியது அதுதான். "அப்பா டியா சாக்காப்?"

என்ன சொல்கிறார் என்று கேட்டீர்கள். அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் சொன்னேன். பொட்டப் பிள்ளைகள் என்ற இடத்தை இரண்டு தடவை சொன்னேன். நான் படிக்காமல் போனதும் அப்படி ஒரு ஆறு குறுக்கே இருந்ததால்தான். அதை உங்களிடம் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வாத்தியாரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிடியரிசி யோசனை என்னுடையது. என் அம்மா வீட்டில் கோயில் அன்னதானத்துக்கு அப்படி எடுத்து வைப்பார்கள். உலைக்கு அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டுவிட வேண்டும். சாப்பாட்டில் குறைந்தது யாருக்கும் தெரியாது. நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். மறுநாளே சீனன் கடையிலிருந்து பழைய பிஸ்கட் டின்கள் வந்துவிட்டன. யோசனை சொல்லிவிட்டுப் பின்னால் நிற்கிறவள் நான். வாசல் வாசலாக ஏறியது நீங்கள். யார் வீட்டிலும் போய்க் கை நீட்டியதில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. உங்கள் முதுகுக்குப் பின்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

உங்கள் தெருவில் ஒரு பாட்டி, வெற்றிலை வாயோடு, "இத்தனை வயசுக்கு மேலே என் பானையில் கை வைக்க ஒருத்தி வந்துவிட்டாளே!" என்று சத்தம் போட்டதும், "உன் பானையில் கை வைத்தால் கையில் ஒட்டுவது உன் மருமகளின் கண்ணீர்தான், எனக்கு அரிசி மட்டும் போதும்" என்று நீங்கள் திருப்பிக் கொடுத்ததும், உள்ளேயிருந்து அந்த மருமகள் சிரித்த சிரிப்பும் நினைவிருக்கிறது. மற்றவர்களைவிடப் பெரிய பிடியாகப் போட்டது அந்தப் பாட்டிதான்.

ஒவ்வொரு வீட்டு அரிசியையும் நான் கணக்கில் எழுதினேன். கொடுத்தவர்கள் ஒரு பக்கம், வாங்கிக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம். அதைப் பார்த்துவிட்டு, "சாமிக்குமா பில் போடுறே, தங்கச்சி?" என்றீர்கள். தங்கச்சி என்பது உங்களுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் ஒன்று. அதை என்மேல் செலவழித்தீர்கள்.

கணக்கெல்லாம் சரியாக இருந்தது. அரிசிதான் தவறிவிட்டது.

எங்கள் பக்கத்து வீடுகளில் புழுங்கல் அரிசி. சிலர் பச்சரிசி. உங்கள் தெருவில், பிள்ளைகளுக்குப் போகிறது, நல்லதாகத்தான் கொடுக்க வேண்டும் என்று, பலகாரத்துக்கு வைத்திருந்த பூலுட்டைப் பல பேர் போட்டிருக்கிறார்கள். நல்ல மனசோடு கொடுத்ததையெல்லாம் ஒரே மூட்டையில் கொட்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினோம். நாம் அதனோடு போகவில்லை. ஆயாக் கொட்டகையில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, அதை அப்படியே பெரிய பானையில் போட்டுக் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள். பச்சரிசி குழைந்து, புழுங்கல் வேகாமல், பூலுட் எல்லாவற்றையும் பசை போல் பிடித்துக்கொண்டு பானை அடியில் உட்கார்ந்துவிட்டது. பசித்த பிள்ளைகள் விடுமா? வழித்துத் தின்றிருக்கிறார்கள். சாயங்காலம் தோட்டத்து வரிசை வீடுகளில், லயம் முழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகை.

வாத்தியார் பஸ் ஏறி வந்து நம் இரண்டு பேர் முன்னாலும் நின்றார். "பட்டணத்துல கழிச்சு விட்ட அரிசிய எங்க பிள்ளைங்களுக்குக் கொட்டுறாங்கன்னு பேசுறாங்கம்மா. நாங்க என்ன பிச்சையா கேட்டோம்னு கேக்குறாங்க. நேத்து வந்த பிள்ளைங்ககூட இன்னிக்கு வரல. இன்ஸ்பெக்டர் நாளைக் கழிச்சு வர்றார்."

முதலில் வாத்தியார் கோயிலுக்கு வராமலிருந்தால் பள்ளிக்கூடம் தானாக மூடியிருக்கும். இப்போது நான் மூடுகிறேன் என்று தோன்றியது. மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். வீட்டுக்காரர், "உனக்கு எதுக்கு இந்த ஊர் வேலை?" என்று கேட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஒவ்வொரு பருக்கையும் பூலுட்டா புழுங்கலா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? என்னை இழுத்துக்கொண்டு போய் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்தீர்கள். மிச்சமிருந்த அரிசியை முறத்தில் கொட்டினீர்கள். தெருப் பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பொறுக்கினார்கள். பாலாடை மாதிரி வெளுத்தது பூலுட், கண்ணாடி மாதிரி இருப்பது பச்சரிசி, மஞ்சள் ஓடினது புழுங்கல். நான் அழுதுகொண்டே பொறுக்கியதைப் பார்த்துவிட்டு, "அழு, அழு, அரிசி நனைந்தால் இன்னும் சீக்கிரம் வேகும்" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததில் அழுகை நின்றுவிட்டது.

மறுநாள் நாம் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். கண்டக்டர் உங்கள் மடியில் இருந்த டின்னைத் தட்டி, "என்ன நியோன்யா, பிஸ்கட்டா? எனக்கு இல்லையா?" என்று கேட்டான். கெபாயா போட்ட பெண்களை எல்லாரும் நியோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள். "பச்சையாகத் தின்பாயா?" என்று மூடியைத் திறந்து காட்டினீர்கள். பஸ்ஸே சிரித்தது. நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, லயத்தில் என்ன பேசுவது என்று மனசுக்குள் பாடம் போட்டுக்கொண்டிருந்தேன். முக்கில் இறங்கிச் செம்மண் பாதையில் நடந்தபோது பாடமெல்லாம் மறந்துவிட்டது.

பால்வெட்டு முடிந்து, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பியிருந்த நேரம். முதல் வீட்டு வாசலில் காத்தாயி உட்கார்ந்து காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அப்போது அவள் பேர் எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தாள்.

"அரிசிக்காரங்களா? வாங்க. எம்மவ அன்னிக்கு ராத்திரி பூரா சுருண்டு கெடந்தா. பார்த்துட்டுப் போங்க."

"தெரியாமல் நடந்துவிட்டது அம்மா..." என்று நான் தொடங்கினேன்.

"தெரியாமத்தான் நடக்கும். பெரிய வீட்டுப் பொம்பளைங்களுக்கு எங்க வயிறு எங்கேர்ந்து தெரியும்? கஷ்டம்தான், இல்லேங்கல. ஆனா கை நீட்டுற சாதி இல்ல நாங்க. வெயர்வ சிந்தித்தான் தின்றோம்."

சுற்றிலும் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் என் கணக்கைக் காட்டலாமா, எத்தனை வீடு நல்ல மனசோடு கொடுத்தது என்று படித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். அதைப் படித்திருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். ஒவ்வொரு பேரும் அவர்கள் முகத்தில் அடித்த மாதிரி இருந்திருக்கும்.

அப்போதுதான் நீங்கள் அதைச் செய்தீர்கள். முன்னால் போய், உங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் எப்படி நீட்டினீர்களோ அப்படியே, காத்தாயியின் முகத்துக்கு நேரே டின்னை நீட்டினீர்கள்.

"ஒரு பிடி குடு" என்றீர்கள்.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. "அக்கா, இவங்ககிட்டக் கேட்கக் கூடாது! இவங்களுக்குக் கொடுக்கத்தானே வந்தோம்!" என்று மலாயில் உங்கள் காதருகே கெஞ்சினேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காத்தாயிக்கும் நம்ப முடியவில்லை. "என்னாது? எங்ககிட்டயா கேக்குறீங்க?"

"அடுப்பு இருக்கா?"

"இருக்கு."

"பானெ இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அப்போ ஒரு பிடி குடு. எல்லா வீடு குடுத்தாச்சி. நீ மட்டும் ஏன் இல்லே?"

காத்தாயி சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு உள்ளே போனாள். பானை மூடி சத்தம் கேட்டது. ஒரு கொட்டாங்கச்சி நிறைய அரிசி கொண்டு வந்து, "இந்தாங்க, எண்ணிக்கிடுங்க" என்று டின்னில் கொட்டினாள். நல்ல புழுங்கல் அரிசி. என் வீட்டு அரிசியைவிட நன்றாகவே இருந்தது.

நீங்கள் டின்னைக் குலுக்கினீர்கள். அவள் அரிசி நம் அரிசிக்குள் போய்விட்டது. "இப்போ எடுத்துக் குடு பார்க்கலாம், எது உன் அரிசி? உன் அரிசி உன் பிள்ளெ சாப்பிட என்ன மாலு?"

மாலு என்றால் வெட்கம் என்று தோட்டத்துப் பெண்களுக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் சிரித்தாள். "இந்த நியோன்யாகிட்ட வாய் குடுத்து மீள முடியாதுடி, காத்தாயி!" அதற்குப் பிறகு அந்த வரிசையில் ஒரு வாசலையும் நாம் கேட்கவில்லை. அவர்களாகவே கொட்டாங்கச்சியோடு வந்தார்கள். ஒருத்தி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பிள்ளைகளை அவள் கடைசிவரை அனுப்பவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "தெரிந்துதான் கேட்டீங்களா அக்கா? இல்லை, எல்லா வீட்டிலும் கேட்பதுதான் பிடியரிசி என்று நினைத்துக் கேட்டீங்களா?" நீங்கள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள். அதற்குப் பிறகும் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கும் ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தீர்கள். அன்று சாயங்காலம் கணக்கை எடுத்து உட்கார்ந்தேன். காத்தாயியின் அரிசியைக் கொடுத்தவர்கள் பக்கத்தில் எழுதுவதா, வாங்கியவர்கள் பக்கத்தில் எழுதுவதா என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் போட்டிருந்த கோட்டையே அடித்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்த நாள் முழுக்க நாம் கோயிலில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். பிள்ளைகள் வந்திருப்பார்களா, கஞ்சி சரியாக வெந்திருக்குமா, யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் முன்னாலேயே அழுதிருப்பார்களா? விளக்கு வைக்கும் நேரத்துக்கு வாத்தியார் வந்தார்.

"தலை எண்ணினார்மா. ரெண்டு தடவ எண்ணினார். பிள்ளைங்க பாட்டுப் பாடுச்சுங்க. இந்த வருஷம் இருக்கட்டும்னு சொல்லிட்டார்."

"அப்பா டியா சாக்காப்?" என்றீர்கள். எனக்குக் கண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்து மூடிவிட்டார்கள் என்று முடிவு செய்து, சாமி சன்னதியில் நின்றுகொண்டு அந்த இன்ஸ்பெக்டரை மலாயில் வைய ஆரம்பித்துவிட்டீர்கள். அவர் அம்மாவில் தொடங்கி அவர் காரின் டயர் வரைக்கும் போனது. குருக்கள் காதைப் பொத்திக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே, அழுதுகொண்டே உங்கள் வாயைப் பொத்த வேண்டியதாயிற்று.

இந்த வருஷம் இருக்கட்டும். அந்த ஒரு சொல்லில் நான் நிம்மதியாகத் தூங்கியது ஓரிரு நாள்தான். அப்புறம், அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அதேதான். நான் பயப்படுவேன், நீங்கள் டின்னை எடுத்துக்கொண்டு கிளம்புவீர்கள். சுதந்திரம் வந்தபோது பிள்ளைகள் காகிதக் கொடி செய்து பள்ளிக்கூடத்தைச் சுற்றி நடந்தார்கள். பூலுட்டைத் தனியாக அவித்து, தேங்காய்ப்பூவும் குலா மலாக்கா வெல்லமும் போட்டு நீங்கள் கொண்டு போனீர்கள். காத்தாயி ஒரு வாய் போட்டுக்கொண்டு, "அன்னிக்கு எம்மவ வயித்தக் கட்டுன பசை இதுதானா? தனியாத் தின்னா தேனா இருக்கே!" என்றாள். அன்றிலிருந்து பூலுட் தனி முடிச்சு. திருநாளுக்கு மட்டும்.

அக்கா, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறார்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே தெரியும், உங்களிடம் சொல்லவில்லை. சில குடும்பங்கள் மூட்டை கட்டிவிட்டன. உங்களைப் பார்க்க அலைந்ததில் அரிசியும் ஒழுங்காகப் போகவில்லை. மறுபடி பிள்ளைகள் ஒட்டுப்பால் பொறுக்கப் போகிறார்களாம். மறுபடி இன்ஸ்பெக்டர் வருகிறாராம். வாத்தியார் ஆள் அனுப்பியிருக்கிறார், யாராவது லயத்துக்கு வந்து தாய்மார்களிடம் பேசினால் நல்லது என்று. யாராவது என்றால் நீங்கள்தான். அவருக்கு நீங்கள் போனது தெரியாது. அதையும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். இந்த முறை கஞ்சி போதுமா? நிலமே கைமாறும்போது ஒரு பிடி அரிசியால் என்ன ஆகும்? எனக்குத் தெரியவில்லை.

இது போதாதென்று இன்னொரு பயம். இலைக்கு மேலே இருக்கிற அரிசி சாவுத் தீட்டு நாட்களிலும் போட்டது. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? லயத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? உங்கள் மருமகள் ஆசையாகப் போட்டதை ஒதுக்கவும் மனம் வரவில்லை. சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். கடைசியில் இலைக்கு மேலே இருந்ததை எடுத்து என் உலையில் போட்டேன். என் பானையிலிருந்து அதே அளவு அளந்து டின்னில் வைத்தேன். மத்தியானம் நானும் வீட்டுக்காரரும் சாப்பிட்டது உங்கள் வீட்டுச் சோறு. பிள்ளைகளுக்கும் குறைவில்லை, உங்கள் மருமகளுக்கும் குறைவில்லை. "சாமிக்குமா பில் போடுறே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம் அக்கா, போடுகிறேன். எனக்கு அப்படித்தான் வரும்.

சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று கூப்பிட எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? இத்தனை வருஷத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் நானே நின்ற முதல் வாசல் அது. உங்கள் மருமகள் அடுப்படியிலிருந்து, கையில் ஈரத்தோடு வந்தாள்.

"நாளைக்கு என்னோடு தோட்டத்துக்கு வருகிறாயா?" என்றேன்.

அவள் பயந்துவிட்டாள். "நானா? எனக்குத் தமிழ் பேசத் தெரியாதே."

"உன் மாமியாருக்கும் தெரியாது" என்றேன்.

நேற்றுவரை அழுத முகத்தோடு அவள் சிரித்தாள். முதல் பஸ்ஸுக்கு வருகிறேன் என்றாள்.

டின்னைத் துடைத்து வைத்துவிட்டேன். பூலுட் முடிச்சை வெளியே எடுத்தேன், திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன். திருநாள் எதுவும் இல்லை; ஆனால் நீங்கள் கட்டியதை நான் அவிழ்க்க மாட்டேன், காத்தாயி அவிழ்க்கட்டும். நாளை லயத்து முதல் வாசலில் நான் டின்னை நீட்டும்போது என் கை நடுங்கும். நடுங்கினால் அரிசி குலுங்கும். எது யாருடைய அரிசி என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள்
தங்கச்சி